‘இருட்டிலும் பகல் போலத் தெரியும்’ சொட்டு மருந்து: வாங்கிவிடாதீர்கள்

இரவில் வண்டி ஓட்டுபவர்களைக் குறிவைத்து ஒரு ‘நைட் விஷன் கிட்’ சில மாதங்களாக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு மருந்து, ஒரு டப்பா மாத்திரை, ஒரு மஞ்சள் கண்ணாடி. விலை 8,499 ரூபாய். நான் வாங்கினேன். பணம் போனதுகூட இரண்டாம்பட்சம்தான், சொட்டு மருந்து கண்ணைப் பதம் பார்த்துவிட்டது. லாரி, ஆம்னி பஸ், டாக்ஸி ஓட்டும் நண்பர்கள் தயவுசெய்து முழுக்கப் படித்துவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, திருச்சூர் போவது என் பிழைப்பு. எல்லாம் ராத்திரி ஓட்டம். இப்போது வரும் வண்டிகளின் எல்இடி விளக்கு எப்படி அடிக்கிறது என்று ரோட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வண்டி டிப் செய்யாமல் கடந்து போனபின் சில நொடிகள் ரோட்டோரம் யார் நடக்கிறார்கள் என்றே தெரியாது. இந்தப் பயத்தைத்தான் கிட்டை விற்கும் ஆள் காசாக்குகிறார்.

தன்னை ‘பயோஹேக்கிங் கோச்’, அதாவது உடம்பின் திறனைக் கூட்டச் சொல்லிக்கொடுப்பவர், என்று சொல்லிக்கொள்கிறார். கோயம்புத்தூர் என்றார், முகவரி கேட்டால் பேச்சை மாற்றுவார். “டாக்டர் சீட்டு வேணுமா?” என்று கேட்டேன். “இது மருந்தே இல்ல ப்ரோ, அப்கிரேடு. நோயாளிக்குத்தான் ட்ரீட்மென்ட், உங்களுக்கு எதுக்கு?” என்றார். இந்த ‘மருந்து இல்லை’ என்ற வார்த்தை சும்மா வரவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டப்படி, பார்வைக் கோளாறைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது. குணப்படுத்துகிறேன் என்று சொன்னால்தானே மாட்டிக்கொள்வார்?

பார்சலில் வந்த புட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் உயரத்தில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. வீட்டு பிரிண்டரில் அடித்து ஒட்டிய லேபிள், ஈரக்கை பட்டதும் மை கலைந்தது. பேட்ச் எண் இல்லை, தயாரிப்பாளர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. உள்ளே கரும்பச்சையாக ஒரு திரவம். விட்டவுடன் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் பூண்டு வாடை. கண்ணில் விட்டது நாக்குக்கு எப்படி வந்தது என்று அப்போது புரியவில்லை. டிஎம்எஸ்ஓ என்று ஒரு கரைப்பான் இருக்கிறது. அதில் கலந்த பல பொருட்களைத் தோல், சவ்வு வழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். உடம்பில் பட்டால் வாயில் பூண்டு வாடை வரும், அதுதான் அதன் அடையாளம். லேபிளில் அந்தப் பெயரே இல்லை.

மறுநாள் காலையில் வெயிலைப் பார்க்க முடியவில்லை. கண் ஆஸ்பத்திரியில் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்த டாக்டரம்மா, கருவிழியின் மேல்தோல் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருப்பதாகச் சொன்னார். அது ஆறும்வரை வண்டியில் ஏறவில்லை, லோடுக்கு வேறு டிரைவர் போட வேண்டியதாயிற்று.

சரி, இந்தச் சரக்கை எதைச் சொல்லி விற்கிறார்கள்? அந்த ஆள் அனுப்பிய வீடியோக்களில் மூன்று ‘ஆதாரம்’ திரும்பத் திரும்ப வந்தன. கண் ஆறிய பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். மூன்றுமே நிஜமாக நடந்தவைதான். வில்லங்கம் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது கலிபோர்னியா கதை. 2015இல் அமெரிக்காவின் டெஹாச்சாபி என்ற ஊரில் ‘சயின்ஸ் ஃபார் தி மாஸஸ்’ என்ற பயோஹேக்கர் குழு, அதில் இருந்த கேப்ரியல் லிசினா என்பவரின் கண்ணில் குளோரின் இ6 என்ற பொருளை விட்டது. கூடவே இன்சுலின், டிஎம்எஸ்ஓ, உப்புநீர். இந்த ‘குளோரின்’ தண்ணீர்த் தொட்டியில் போடும் குளோரின் அல்ல, பச்சையத்திலிருந்து வரும் வேறு பொருள். பிறகு இருட்டில் மரங்களுக்கிடையே சுமார் 50 மீட்டர் தூரத்தில் ஆட்களை நிறுத்தி அடையாளம் காணச் சொன்னார்கள். மருந்து விட்டவர் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார், விடாதவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் சொன்னார்கள் என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு. உலகம் முழுக்கச் செய்தி பறந்தது.

எத்தனை பேரை வைத்து இந்தக் கணக்கு? மருந்து விட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர். விடாதவர்கள் 4 பேர். கண்ணில் சொட்டை ஊற்றிக்கொண்டு நிற்கிற ஆளுக்குத் தான் மருந்து விட்டிருப்பது தெரியாமலா இருக்கும்? தெரிந்தவர் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார், துணிந்து பதில் சொல்வார். நல்ல பார்வை உள்ளவர், சுமாரான பார்வை உள்ளவர் என்ற வித்தியாசம் வேறு. எந்த ஆய்விதழும் சரிபார்த்து வெளியிட்டதல்ல, அவர்களே எழுதி அவர்களே போட்டது. ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டலாம்: கருவி வைத்து அளக்கும் சோதனைகள் இனிமேல்தான் செய்ய வேண்டும் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். நம்ம கோச் வீடியோவில் அந்த வரி மட்டும் காணோம்.

குளோரின் இ6 என்ன ரகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் பக்கத்திலிருக்கும் செல்லைக் கொல்லும் ஆக்ஸிஜன் வகைகளை உண்டாக்கும். அதனால்தான் இந்த ரகப் பொருட்களைப் புற்றுநோய்க் கட்டியை ஒளியால் அழிக்கும் சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள். விழித்திரை நோய்க்கு இதே ரகத்தில் வெர்டிபோர்ஃபின் என்று ஒரு மருந்து உண்டு. அதை ஏற்றிக்கொண்டவர்களை 5 நாள் வெயில் படாமல் இருக்கச் சொல்கிறார்கள். விடிந்ததும் கண்ணாடி வழியாக வெயில் முகத்தில் அடிக்கும் கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்கு விற்கிற சரக்கா இது? என் புட்டியில் இருந்தது உண்மையிலேயே குளோரின் இ6தானா, வெறும் பச்சைச் சாயமா, அதற்கும் உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, ஆழ்கடல் மீன். மலகோஸ்டியஸ் என்று ஒன்று, கண்ணுக்குக் கீழே தானே சிவப்பு விளக்கு எரித்துக்கொண்டு திரிகிறது. பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருளின் உதவியால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கிறது. உண்மைதான். அந்த மீனின் விழித்திரையே அதற்கேற்றபடி அமைந்தது. மீனுக்கு இருக்கிறது என்று மனிதன் கண்ணில் ஊற்றினால் செவுள் முளைத்துவிடுமா?

மூன்றாவது எலி. 2019இல் சீனாவின் ஹெஃபெய் நகர ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, எலிகளின் விழித்திரைக்குப் பின்னால் ஊசி வழியாக நானோ துகள்களைச் செலுத்தி, அகச்சிவப்பு ஒளியைப் பார்க்க வைத்தார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அது சொட்டு மருந்து அல்ல, விழிக்குள் போடும் ஊசி. ரோட்டோரம் நடக்கும் மனிதரை அது காட்டிக்கொடுக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொரு பழைய ஆய்வு. 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் நியூயார்க்கில் அளந்து பார்த்தார்கள். நன்றாக இருட்டுக்குப் பழகிய கண்ணின் விழித்திரை 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே மனிதனுக்கு வெளிச்சம் தெரிகிறது. ஒளியின் மிகச்சிறிய துணுக்கையே பிடிக்கும் கண் அது. அதற்கு மேல் என்ன அப்கிரேடு? நம் சிக்கல் இருட்டில் குறைவாகத் தெரிவதில் இல்லை, எதிர்வெளிச்சத்தில் இருக்கிறது. பலமான வெளிச்சம் கண்ணில் அடித்தால், இருட்டில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற விழித்திரை நிறமி வெளிறும். முழுக்க வெளிறினால் திரும்ப அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதை எந்தச் சொட்டும் அவசரப்படுத்தாது.

மாத்திரையில் பில்பெரி பழச்சாறும் வைட்டமின் ஏ-யும் என்று போட்டிருந்தது, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. பில்பெரியை 2000இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், நல்ல பார்வை உள்ள 15 இளைஞர்களுக்கு மூன்று வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். இரவுப் பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அவர்களுக்கு மாத்திரை உயிர்நாடி. குறைவில்லாதவர் கூடுதலாக விழுங்கினால் பார்வை கூடாது, ஈரல்தான் தாங்க வேண்டும். கர்ப்பிணிகள் கைக்கு இந்த டப்பா போய்விடக் கூடாது, அளவு மிஞ்சிய வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும்.

மஞ்சள் கண்ணாடிக்கு ஒரே வரிதான். 2019இல் பாஸ்டனில் வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் வைத்துச் சோதித்தார்கள், ரோட்டோரம் நடப்பவரைக் கண்டுபிடிக்க அது உதவவில்லை. இரவில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வடிகட்டி வாங்குவானேன்?

உரிமம் இருக்கும் சொட்டு மருந்துக்கே என்ன ஆகும் என்று 2023இல் பார்த்தோம். சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்கா போன செயற்கைக் கண்ணீர் மருந்தோடு ஒரு கிருமித்தொற்றை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேர். 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போயிற்று, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அது பேட்ச் எண் போட்டு, பெட்டியில் அடைத்து வந்த மருந்து. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துத் திரும்பப் பெற முடிந்தது. என் கையில் இருந்த புட்டியை யார் எங்கே தேடுவது?

என் கண்ணுக்கு உண்மையில் என்ன கோளாறு என்பதை அந்த டாக்டரம்மா அரை மணியில் சொல்லிவிட்டார். கொஞ்சம் கிட்டப்பார்வை, கொஞ்சம் சிலிண்டர் பவர். பகலில் கண்மணி சுருங்குவதால் மறைந்திருக்கும், இரவில் விரிந்ததும் விளக்கெல்லாம் வால் முளைத்துத் தெரியும். “முன்கண்ணாடியில வைப்பர் கீறல் இருக்காண்ணா?” என்று கேட்டார். இருந்தது. பவர் கண்ணாடிக்கு 1,800 ரூபாய், வைப்பர் ரப்பர் மாற்ற அதில் கால்வாசிகூட ஆகவில்லை. எதிர்விளக்கு இப்போதும் கூசத்தான் செய்கிறது. ஆனால் விளக்குக்கு வால் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “உங்க பாடி டீடாக்ஸ் ஆகல ப்ரோ, இன்னொரு புட்டி விடுங்க” என்று பதில் வந்தது. டாக்டர் சீட்டை அனுப்பினேன், குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். புட்டியை மூடியோடு அப்படியே மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன்.

இதே கிட்டை வாங்கியவர்கள் இருந்தால் புட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், கழுவியும் விடாதீர்கள். பார்சல் கவரில் அனுப்புநர் முகவரி, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அந்த ஆளின் ஆடியோ மெசேஜ் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஏற்கெனவே கண்ணில் விட்டிருந்து எரிச்சலோ கூச்சமோ இருந்தால், சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே என்ன இருந்தது என்று அவர் கேட்பார்.