முதலாமாண்டு விடுதி: அறையை விடுங்கள், காரிடாரைப் பாருங்கள்

முதல் வருஷம் முழுக்க நான் இருந்தது வளாகத்திலேயே பழைய விடுதியில். எதிரிலேயே அட்டாச்டு பாத்ரூமோடு புதுக் கட்டடம் நிற்கிறது. இருந்தாலும் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழையதைத்தான் சொல்வேன்.

அறையில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு கட்டில், இரண்டு மேஜை, முழுசாகச் சாத்தாத அலமாரி. ஒருத்தி நாற்காலியைப் பின்னால் தள்ளினால் மற்றவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும். வைஃபை ஜன்னலோரம் மட்டும்.

விசேஷமே காரிடார்தான். நீளமான காரிடாரின் நடுவில் ஒரு கதவு. எங்கள் பக்கம் பத்து அறை, இருபது பேர். யார் எத்தனை மணிக்குப் பல் தேய்க்க வருவாள் என்பதுவரை அத்துப்படி. அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் இருவரும் 1970களில் மாணவர் விடுதிகளை ஆராய்ந்தார்கள். நீண்ட காரிடாரில் இருந்தவர்கள்தான் நெரிசலாக உணர்ந்து, பிறரைத் தவிர்த்து ஒதுங்கினார்கள். இத்தனைக்கும் ஆளுக்குக் கிடைத்த இடம் மற்ற விடுதிகளைவிடப் பெரிதாகக் குறையவில்லை. காரிடாரை நடுவில் தடுத்தாலே இது குறைகிறது என்று பாமும் க்ளென் டேவிஸும் 1980இல் எழுதினார்கள். எங்கள் கதவை வைத்தவர் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார், தீ விபத்துக்குப் பயந்து வைத்திருப்பார். நமக்கென்ன, லாபம்தானே.

என் அறை படிக்கட்டை ஒட்டி. மேல்மாடிப் பெண்கள் எல்லோரும் பழக்கமானது அதனால்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்புகளை வைத்து உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழு 1950இலேயே இதைச் சொல்லிவிட்டது: பக்கத்து வீட்டுக்காரரோடுதான் நட்பு அதிகம், படிக்கட்டருகே இருப்பவருக்கு மாடியிலும் நண்பர்கள். தேர்வுக்கு முந்தின ராத்திரி தடதடவென்று இறங்கும் செருப்புச் சத்தத்தைப் பற்றி ஃபெஸ்டிங்கர் என்ன சொன்னாரோ!

பொதுக் குளியலறையில் காலையில் வரிசை உண்டு, எட்டு மணி வகுப்பு இருந்தால் எரிச்சல்தான். ஆனால் கழுவுவதற்கு ஆள் வருகிறார். புதுக் கட்டடத்தில் பாத்ரூமை யார் கழுவுவது என்றே அறைத்தோழிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திய கதைகள் ஏராளம். துணி துவைக்கும் மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது, வாரநாள் இரவில் போங்கள்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அறைப் படங்களோடு தள வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அறையையும் தேர்வு செய்யலாம் என்றால் படிக்கட்டிலிருந்து இரண்டாவது அறை. குளியலறைச் சுவரை ஒட்டிய அறை மட்டும் வேண்டவே வேண்டாம், குழாய்ச் சத்தம் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும்.