நாற்பது கிண்ணத் திருவிருந்துத் தட்டு: ஒரே பந்தியில் எல்லாருக்கும் ஆகுமா?

இயேசுவின் கடைசி இராவுணவை நினைத்துக் கிறிஸ்தவச் சபையார் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வதே திருவிருந்து. ஒரே பாத்திரத்தில்தான் பருக வேண்டும் என்று மனச்சாட்சி சொல்கிறவர், பிறர் வாய்வைத்த பாத்திரம் என்றால் தயங்குகிறவர், குடியிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர், கோதுமை ஒவ்வாதவர் என எல்லாரும் ஒரே சபையில்தான் இருக்கிறார்கள். "கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல" என்று ரோமர் 15:7 சொல்வது இவர்களை ஒரே பந்தியில் சேர்ப்பதற்கும் பொருந்தும். ஆளுக்கொரு சிறு கிண்ணம் வைக்க, கிறிஸ்தவப் பொருள் கடைகளில் விற்கும் நாற்பது குழி எவர்சில்வர் தட்டு அதற்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் தட்டு பாதி வேலையைத்தான் செய்யும்.

அடித்தட்டு, குழித்தட்டு, சிலுவைப் பிடி வைத்த மூடி, இவ்வளவுதான் செட். குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மேலே ஒரு மூடி போதும். கிண்ணத்துக்கு 8 மில்லி ஊற்றினால் தட்டுக்கு 320 மில்லி. இருநூறு பேருக்கு ஐந்து தட்டு, 1.6 லிட்டர். விளிம்புவரை நிரப்பக் கூடாது. முழங்காலிட்டிருக்கும் பெரியவர்களின் கை சற்று நடுங்கினாலும் வெள்ளை உடுப்பில் கறை விழும், அடுத்த முறை அவர்கள் முன்னே வரவே கூசுவார்கள். மலிவான அலுமினியத் தட்டு வேண்டாம். ரசத்தின் புளிப்பு பட்டுப் புள்ளி விழும். கண்ணாடிக் கிண்ணம் அழகு, ஆனால் தட்டின் கனம் கூடும். படலத்தை உரித்து அப்பமும் ரசமும் எடுக்கும் பாக்கெட் கிண்ணத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அந்தப் படலம் பெரும் சோதனை.

பெரிய குறை, காலிக் கிண்ணம் வைக்கத் தனி இடம் இல்லாதது. குடித்ததை அதே குழியில் வைத்தால் நிறைந்ததும் காலியானதும் கலந்துவிடும். தனிக் கிண்ணம் வாங்கியதன் நோக்கமே கெடும். தட்டை ஏந்திவரும் ஆயருக்கு (சபைப் போதகர்) பின்னால் வெறும் குழித்தட்டோடு இன்னொருவர் வந்தால் தீர்ந்தது.

இனி உள்ளே ஊற்றுவது. சில சபைகளில் வெளி வட்டத்தில் ஒயினும் உள்வட்டத்தில் புளிக்காத ரசமும் வைப்பார்கள். அது ஆபத்து. தட்டு ஒரு சுற்று திரும்பினாலே எது எது என்று தெரியாது. மீண்டுகொண்டிருப்பவருக்கு ஒரு மிடறு போதும், பழைய குழியில் விழ. "எனக்கு ரசம்" என்று கேட்கவைப்பது அவர் கதையை ஊருக்குச் சொல்லவைப்பதற்குச் சமம். சபை ஒழுங்கு இடம் கொடுத்தால் எல்லாத் தட்டிலும் புளிக்காத ரசமே இருக்கட்டும். 1869இல் அமெரிக்காவின் வைன்லாந்தில் மெதடிஸ்ட் பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், திராட்சை ரசத்தைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்தது திருவிருந்துக்காகத்தான். நம் வெயிலில் சூடாக்கினால் மட்டும் போதாது. திறந்த பாட்டில் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், கிண்ணங்களை ஞாயிறு காலையில்தான் நிரப்ப வேண்டும்.

வீட்டில் தயாரித்துத் தரும் 'ரசம்' பற்றி ஒரு எச்சரிக்கை. ஈஸ்ட் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தால் அது ஒயின்தான். புளிக்கவைக்கக் கோதுமையும் போடுவது பல வீடுகளில் வழக்கம். கோதுமை ஒவ்வாதவருக்கு அதுவும் ஆகாது. என்னென்ன சேர்த்தார்கள் என்று அன்போடு கேட்டுவிடுங்கள்.

அப்பத்தைப் பாத்திரத்தில் தோய்த்துக் கொடுக்கும் முறையிலும் இதே சிக்கல்: கோதுமைத் துணுக்குகள் ரசத்தில் மிதக்கும். முன்கூட்டியே நிரப்பிய தனிக் கிண்ணத்தின் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது. அரிசி அப்பத்தைத் தனி மூடிய தட்டில் வையுங்கள்; கோதுமை அப்பம் பிட்ட கையால் தொடக் கூடாது. கத்தோலிக்க ஒழுங்கில் கோதுமையே இல்லாத அப்பம் செல்லாது, பசையம் (கோதுமையில் உள்ள குளூட்டன்) குறைத்தது மட்டும் செல்லும். அங்கே பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லுங்கள்.

தட்டு வந்ததும் பழைய வெள்ளிப் பாத்திரத்தை அலமாரியில் பூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினர் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, வழக்கிலிருந்த ஆராதனை முறை எதையும் தடுப்பதில்லை, ஆயரும் சபையும் இசையாமல் புதியதைப் புகுத்துவதில்லை என்று அமைப்பு விதியிலேயே எழுதினார்கள். அந்த வழியில், சபையார் முழங்காலிடும் கம்பி வரிசையின் ஒரு முனையில் பாத்திரமும் மறுமுனையில் தட்டும் இருக்கட்டும். பாத்திரம் தருகிறவர் ஒவ்வொருவருக்கும் பிறகு விளிம்பைத் துடைத்துச் சற்றுத் திருப்ப வேண்டும். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை மூப்பர்கள் கூட்டத்தில் பேசவே கூடாது.

வாங்கும்போது உதிரிக் கிண்ணங்களும் சேர்த்து வாங்குங்கள். குழியின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பிறகு தேடினால் பொருந்தாது.