வட்டமாக முடி உதிர்ந்தால் அது புழுவெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை

கடந்த மாரிக்குப் பிறகு, ஏழு வயதான என் மகனின் பிடரிக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றியளவில் முடி உதிர்ந்திருப்பதைக் கண்டு, ஏ9 வீதியோர நகரொன்றில் இருக்கும் முடிச் சிகிச்சை நிலையத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் கைபேசி வெளிச்சத்தில் ஒரு கணம் பார்த்துவிட்டு, "புழுவெட்டுத்தான் அக்கா, மூன்று கிழமையில் முளைக்கும்" என்று கூறி, ஓர் எண்ணெய்ப் போத்தலையும், பெயரோ உள்ளடக்கமோ ஒட்டப்படாத வெள்ளைக் கிறீம் டப்பா ஒன்றையும் 8,500 ரூபாய்க்குத் தந்தார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, நாட்டு மருந்துக்கு அதெல்லாம் இல்லை என்றார்.

முதற் கிழமையில் சிவப்பும் அரிப்பும் அடங்கியதால் நம்பிவிட்டேன். மூன்றாம் கிழமை அந்த இடம் பொங்கிச் சீழ் கசிந்தது. கழுத்தில் நெறி கட்டியது. காலையில் பிள்ளையைத் தூக்கியபோது தலையணை உறையில் முடி கற்றையாக ஒட்டியிருந்தது.

அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில், வைத்தியர் முறிந்த முடிகளைப் பிடுங்கி, பொருக்கையும் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். பங்கசுத் தொற்றால் வரும் படை என்று முடிவு வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேர்களையே தாக்குவதால் வருவதே புழுவெட்டு என்றும், அதில் புழு எதுவுமில்லை, தோல் பெரும்பாலும் வழுவழுப்பாகவே இருக்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். படையிலோ பொருக்கும் அரிப்பும் இருக்கும். முடி தோலோடு முறிந்து கரும்புள்ளிகளாகத் தெரியும். இவையெல்லாம் என் மகனின் தலையில் முதல் நாளே இருந்தன.

கிறீமில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என வைத்தியர் சந்தேகித்தார். அது சிவப்பை அடக்கிக்கொண்டே பங்கசை வளரவிடும். பங்கசு முடிக்குள்ளேயே இருப்பதால் பூசும் மருந்து மட்டும் போதாது. கிறிசியோபல்வின் என்ற மருந்தை 8 கிழமைகள், கொழுப்புள்ள உணவோடு கொடுத்தோம். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலைகளையும் பார்த்தார்கள். சீப்புகளையும் தொப்பிகளையும் வேறாக்கினோம்.

டெங்குவுக்குப் பின் முடி கொட்டிய என் மச்சாளும் அதே நிலையத்தில் பெருந்தொகை கட்டியிருக்கிறார். காய்ச்சல் கழிந்து இரண்டு மூன்று மாதங்களில் தொடங்கும் அவ்வகை உதிர்வு, பெரும்பாலும் 6 மாதங்களுக்குள் தானாகவே நின்றுவிடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

மகனுக்கு முடி திரும்ப முளைத்துவிட்டது, சீழ் கட்டிய இடத்தின் நடுவில் தழும்பான ஒரு சிறு பகுதியைத் தவிர. இப்படிப் பெயரில்லாத வெள்ளைக் கிறீமை வாங்கிப் பூசிக்கொண்டிருப்பவர்கள், டப்பாவை எறிந்துவிடாமல், பிள்ளையோடு அதையும் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.