சாயத் தண்ணீரும் களிமண் தூளும்: இரண்டு வருட அனுபவம்

திருப்பூர்ப் பக்கம் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பென்டோனைட் களிமண்ணில் டைட்டானியம் டை ஆக்ஸைடு ஏற்றிச் சுட்ட தூள், வெயில் பட்டால் கழிவுநீரிலுள்ள சாயத்தை உடைத்து நிறத்தைப் போக்க வேண்டும். அதை இரண்டு வருடமாகப் போட்டுப் பார்த்து வருகிறேன்.

முதல் நாளே ஏமாந்தேன். மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரில் தூளைப் போட்டு வெயிலில் வைத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. சந்தேகத்துக்கு அதே கலவையை இருட்டறையில் வைத்தால் அங்கேயும் தெளிகிறது! அடியில் படிந்த மண் மட்டும் நீலமாகக் கிடந்தது. களிமண்ணின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை உள்ளது, இந்தச் சாயமோ நேர்மின். போய் ஒட்டிக்கொண்டதே தவிர உடையவில்லை. அன்றிலிருந்து எந்தச் சாயமானாலும் ஒரு பாட்டில் வெயிலில், ஒரு பாட்டில் இருட்டில்.

பருத்திக்கு நாங்கள் போடுவது நூலோடு வேதிப்பிணைப்பில் சேரும் ரியாக்டிவ் சாயம். மண்ணைப் போல அதுவும் எதிர்மின் என்பதால் மண்ணிடம் நெருங்காது. போதாததற்கு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்ட தண்ணீர் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 10, 11 என்று காரமாக நிற்கும். வெயிலின் புற ஊதா ஒளி தூளில் பட்டு உருவாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வேகமாக வினைபுரியும் துகள்தான் சாயத்தை உடைக்க வேண்டும். அதை சோடா ஆஷின் கார்பனேட் தின்றுவிடுகிறது. அமிலம் விட்டு 4, 5-க்கு இறக்கிய பிறகுதான் வேலை நடந்தது. அமிலம் விடும்போது நுரை பொங்கும், தொட்டியை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம்.

துணியை முக்கும் அடர்ந்த சாயக் கரைசலுக்கு இது சரிப்படாது. ஒளி உள்ளே இறங்கினால்தானே! கடைசி அலசல் தண்ணீரை ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் தட்டுகளில் பரப்பி வைத்தால் சாயங்காலத்துக்குள் நிறம் போய்விடுகிறது. மழைக்காலத்தில் தட்டுகள் சும்மா கிடக்கும்.

மண் சேர்த்ததன் உண்மையான லாபம் படிவதில்தான். மண் சேர்க்காத வெறும் டைட்டானியம் டை ஆக்ஸைடு தூளைப் போட்ட தண்ணீர் மறுநாள் காலையிலும் பால் மாதிரி இருந்தது. மண் சேர்த்த தூளோ இரவோடு இரவாக அடியில் இறங்கிவிடுகிறது. சாயம் ஏற்றப் போட்டுத் தண்ணீரில் மிஞ்சும் உப்பும் அதற்கு உதவுகிறது.

ஆனால் அந்த உப்பு அப்படியே தண்ணீரில்தான் நிற்கும். நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. நிறம் போனதைக் காட்டித் தண்ணீரை வெளியே விட முடியாது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ.வும் (சவ்வு வழியே வடிகட்டும் கருவி) மிச்ச நீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் இருந்தே ஆக வேண்டும். அவற்றுக்கு முன்னால் நிறத்தைக் குறைக்க மட்டும் இதை வைத்திருக்கிறேன்.

தூளைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் கொஞ்சம் குறையும். கழுவி உலையில் சுட்டால் வேகம் திரும்புகிறது. கழுவும்போதே தூளில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடுகிறது, அதைப் பிடிக்க மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.