ப்ரீ-மெட் மாணவருக்கு எது பொருந்தும்: வெளிநாட்டில் ஒரு செமஸ்டரா, ஒரு கோடையா?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் மாணவருக்குச் சிக்கலே தொடர்பாடங்களில்தான். கரிம வேதியியலும் இயற்பியலும் பெரும்பாலும் இரண்டிரண்டு செமஸ்டர் ஓடும். பல கல்லூரிகளில் முதல் பாகம் இலையுதிர்காலத்தில் மட்டுமே தொடங்கும்.

முழு செமஸ்டர் போவதென்றால், கரிம வேதியியலை இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டின் முதற்பாதியில் போகலாம். இடையில் அறுத்துவிட்டுப் போனால் அதற்குப் பின் வரும் உயிர்வேதியியலும், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டும் சேர்ந்தே தள்ளிப்போகும். அங்கே மொழி, வரலாறு, பொதுச் சுகாதாரம் படியுங்கள். ஆய்வகப் பாடம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் படித்த அடிப்படை அறிவியலைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. கிரெடிட் சொந்தக் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் எப்படிப் பதிவாகும் என்பதையும் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடைப் பயணம் ஆறு முதல் எட்டு வாரம், தொடர்பாடம் அறுபடாது. ஆனால் ஆய்வுக்கும் மருத்துவமனைத் தொண்டுக்குமான மாதங்களை அது தின்றுவிடும். அதனால் முதலாண்டுக் கோடையே நல்லது. நான்காண்டு முடிந்த கையோடு மருத்துவம் சேர நினைப்பவர் மூன்றாம் ஆண்டுக் கோடையில் போகவே கூடாது: விண்ணப்பமும், அதையடுத்து மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் கட்டுரைகளும் குவியும் காலம் அது.

மொழி உண்மையிலேயே பிடிபட வேண்டுமென்றால் செமஸ்டர்தான். ஆறு வாரம் போதாது.