வாரச் சமையலா, ஆர்டரா, பாக்கெட்டா? இருபதுகளில் எது தாங்கும்?

வேலை முடிந்து பசியோடு வீடு திரும்பும் இருபது வயதுக்காரர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான்: ஆர்டர் போடுவது, பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றுவது, வாரத்துக்கு ஒருநாள் மொத்தமாகச் சமைத்துவைத்ததை எடுத்துச் சூடாக்குவது. என் ஓட்டு மூன்றாவதற்கு. சுவையும் நேரமும் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

ஆர்டரில் சிக்கல் ஒருவேளைச் சாப்பாட்டில் இல்லை, அது வழக்கமாகிவிடுவதில்தான். அமெரிக்காவில் 1985-86ல் 18 முதல் 30 வயதுக்காரர்களைச் சேர்த்துத் தொடங்கிய கார்டியா ஆய்வில் சுமார் 3,000 பேரை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். வாரம் இரண்டு முறைக்கு மேல் துரித உணவுக் கடைக்குப் போனவர்களுக்கு, வாரம் ஒருமுறைக்கும் குறைவாகப் போனவர்களைவிட 4.5 கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத, சர்க்கரை நோய்க்கு வழிவிடும் இன்சுலின் எதிர்ப்பும் இரண்டு மடங்கு அதிகமாகக் கூடியிருந்தது. கவனித்துப் பதிந்த ஆய்வு என்பதால், மொத்தப் பழியையும் அந்த உணவின் தலையில் கட்ட முடியாது. திசை மட்டும் தெளிவு.

பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது சோடியம். லேபிளில் உள்ள மில்லிகிராமை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, ஒரே வேளையில். அந்த எண் முழு பாக்கெட்டுக்கா, பாதிக்கா என்பதையும் பாருங்கள். பலர் ஏமாறும் இடம் அதுதான். இன்னொன்று வேகம். 2019ல் வெளியான ஒரு சோதனையில் 20 பேருக்கு அதிகம் பதப்படுத்திய உணவையும் சாதாரண உணவையும் இரண்டிரண்டு வாரம், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, சோடியம் எல்லாம் ஏறக்குறைய சமமாக வைத்து, விரும்பிய அளவு சாப்பிடக் கொடுத்தார்கள். பதப்படுத்திய வாரங்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

இனி வாரச் சமையல். இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பராமரிப்பு. ஆறாவது வாரமும் செய்வீர்களா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இது புதன்கிழமை உடைகிறது, காரணம் சலிப்பு. ஐந்து நாளுக்கு ஒரே குழம்பு வைத்தால் நாலாம் நாள் கை தானாக ஃபோனுக்குப் போகும். அதனால் பதார்த்தமாகச் சமைக்காதீர்கள், பகுதிகளாகச் சமையுங்கள்: ஒரு தானியம், ஒரு பயறு, இரண்டு காய். காரம், புளிப்பு, தாளிப்பு அன்றன்றைக்கு மாறட்டும்.

ஒரு கப் உலர்ந்த கொண்டைக்கடலை வெந்தால் ஏறக்குறைய மூன்று கப். ஒரு கப் வெந்ததில் சுமார் 12 கிராம் நார்ச்சத்து, ஒரு நாள் தேவையான 25 கிராமில் பாதி. ராஜ்மா என்றால் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள நச்சு அழியாது, வாந்தி எடுக்க நேரிடும்.

சோற்றில்தான் அதிகக் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீதி நாட்களுக்கானது நேராக ஃபிரீசருக்கு. பயறும் காயும் 5 டிகிரிக்குக் கீழ் மூன்று நாள் தாங்கும். ஆழமான பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஆகவே சிறு டப்பாக்கள். சூடாக்குவது ஒரேமுறை, ஆவி பறக்கும் வரை.

உப்பை அளந்து போடுங்கள். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். நாலு வேளைக்கான பானையில் அது விழுந்தால் வேளைக்கு 1.5 கிராம்தான். இந்தப் பிடி மற்ற இரண்டு வழிகளிலும் உங்களிடம் இல்லை, என் சாய்வுக்கு முக்கியக் காரணம் இதுவே.

ஃபிரீசர் இல்லாத அறை, மாறிமாறி வரும் இரவுப் பணி என்றால் இந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது. வாரம் இரண்டு முறை, மும்மூன்று வேளைக்குச் சமைப்பது சரிப்படலாம். அதுவும் முடியாத இரவில் பாக்கெட்டைத் திறக்க நேர்ந்தால் மசாலாத் தூளில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் இரண்டு கைப்பிடி காயும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள்.