ஃபின்னிஷிலிருந்து ஸ்பானிஷுக்கு நிர்வாகப் பிரதிகள்: சில வருட அனுபவம்

ஆண்டறிக்கை, மேலாளர் கையேடு, இயக்குநர் குழுவுக்குப் போகும் குறிப்புகள் என்று ஃபின்னிஷில் வருகிறவற்றை ஸ்பானிஷில் வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி. சில வருடங்களாக ஒரே மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுத்து வருகிறேன்.

அதற்கு முன்பு ஒரு ஏஜென்சி. விலை குறைவு, வேகமும் உண்டு. ஆனால் ஃபின்னிஷை ஒருவர் ஆங்கிலமாக்க, அந்த ஆங்கிலத்தை இன்னொருவர் ஸ்பானிஷ் ஆக்குகிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. படிக்கச் சரளமாகவே இருக்கும், எந்த முடிவை யார் எடுக்க வேண்டும் என்கிற இடம் மட்டும் அங்கங்கே மாறியிருக்கும். நிர்வாகப் பிரதியில் அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஃபின்னிஷில் செய்பவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம், நம் அலுவலகக் கடிதங்களில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று வருமே, அந்த மாதிரி. அவன், அவள் வேறுபாடும் அங்கே கிடையாது, ஒரே சொல்தான். ஸ்பானிஷிலோ நிர்வாக இயக்குநர் ஆணா பெண்ணா என்று தெரியாமல் பதவிப் பெயரைக்கூடச் சரியாக எழுத முடியாது. அப்புறம், ஃபின்லாந்து நிறுவனங்களில் மேலதிகாரியையும் சாதாரணமாக 'நீ' என்றே பேசுவார்கள். அதே தொனி மாட்ரிட் அலுவலகத்துக்கும் பொகோட்டா அலுவலகத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தாது. இதையெல்லாம் கேட்காமல் ஒருவர் வேலையை முடித்துத் தருகிறார் என்றால் ஊகித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போதைய மொழிபெயர்ப்பாளரை நான் தேர்ந்தெடுத்ததே அவர் அனுப்பிய கேள்விகளைப் பார்த்துத்தான். ஃபின்லாந்தின் மொழிபெயர்ப்பாளர் சங்கமான எஸ்கேடிஎல் (1955இல் தொடங்கியது), மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப் பிடிக்கும் புரோஸ் இணையதளம் இரண்டிலும் தேடி, சிலருக்கு ஒரே பக்கத்தைக் காசு கொடுத்துச் சாம்பிளாகச் செய்யச் சொன்னேன். மற்றவர்கள் மொழிபெயர்ப்பை மட்டும் அனுப்பினார்கள், இவர் கூடவே ஒரு கேள்விப் பட்டியலையும் வைத்திருந்தார். ஸ்பானிஷ் தாய்மொழி, நிறுவன நிர்வாகம் படித்தவர், ஆகவே ஃபின்லாந்து, ஸ்பெயின் இரு நாட்டு ஊழியர் பிரதிநிதித்துவ முறைகளும் ஒன்றல்ல என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டுமா என்று சிலர் குழம்புகிறார்கள். நிறுவனத்துக்குள் சுற்றும் பிரதிகளுக்குத் தேவையில்லை. பதிவுச் சான்று மாதிரி அரசு அலுவலகத்தில் கொடுக்கிற ஆவணம் என்றால் கேட்பார்கள். ஸ்பெயினில் அந்த நியமனம் வெளியுறவு அமைச்சகத்தினுடையது.

விலை விஷயம். மூலச் சொல் கணக்கில் கேட்டால் ஃபின்னிஷ் ரேட் அநியாயமாகத் தெரியும். பதினைந்து வேற்றுமை, நீளநீளமான கூட்டுச்சொற்கள் என்று ஒரு சொல்லுக்குள்ளேயே அவ்வளவும் அடங்கிவிடுவதால் சொல் எண்ணிக்கை குறைவு, ஸ்பானிஷில் அதுவே பெருகிவிடும். ஆகவே சொல் ரேட்டைப் பார்க்காமல் முழு ஆவணத்துக்கும் மொத்தத் தொகை கேட்டு ஒப்பிடுங்கள். சொற்பட்டியலையும், மொழிபெயர்ப்பு நினைவகத்தை (மூல வாக்கியமும் அதன் மொழிபெயர்ப்பும் ஜோடியாகச் சேமித்த தொகுப்பு) மற்ற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய டிஎம்எக்ஸ் கோப்பாகவும் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வதும் நல்லது.

குறை இல்லாமல் இல்லை. ஆண்டறிக்கைகள் வரிசைகட்டும் வசந்த காலத்தில் இவரைப் பிடிப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தனி ஆள் என்பதால் இரண்டாவது கண்ணாகச் சரிபார்க்க வேறொருவரை நாமே ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தச் செலவு தனி. சாதாரண உள்மின்னஞ்சல்களுக்கு டீப்எல் என்கிற இயந்திர மொழிபெயர்ப்பே போதுமென்று விட்டுவிட்டேன், இயக்குநர் குழுத் தாள்கள் மட்டும் இன்றும் இவரிடம்தான் போகின்றன.